ஒரு அழுத்து என்றால் ஆமாம்

காது கேட்காதது போல் நடிப்பவர்களைப் பிடிப்பதில் பீப் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் அவளுக்கு வேலையே காதுகளைச் சோதிப்பதுதான். சுவரெல்லாம் பஞ்சு வைத்து மூடிய ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு நாற்காலி. வந்தவரை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்வாள். "பீப்புனு சத்தம் கேட்டா அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. பரீட்சை இல்ல, ஃபெயிலாக மாட்டீங்க" என்பாள். உள்ளே இருப்பவர் அமுக்கினால் இவள் மேஜையில் ஒரு குட்டி விளக்கு எரியும். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் செவிட்டு வேஷம் போட்டுக்கொண்டு அவ்வப்போது யாராவது வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். மைக்கில் ரொம்ப மெதுவாக, "சார், ஜிப்பு திறந்திருக்கு" என்பாள். செவிடர் பதறிக் குனிந்து பார்ப்பார். அதோடு அவர் பாடு முடிந்தது.

அப்படிப்பட்டவளிடமே வந்து, "தங்கச்சி, ஒரு பொய்க் காது எழுதிக் குடும்மா" என்று கேட்டார் டிரைவர்.

டிரைவர் அவள் புருஷனோடு பட்டாளத்தில் இருந்தவர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வாய் ஓயாத மனுஷன். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் நடுவில் நசுங்கி, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருக்கும். யாராவது வழி கேட்டால், "நான் கை காட்டுற பக்கம் போயிடாதீங்க, சுத்திக்கிட்டு இங்கயே வருவீங்க" என்பார். அந்த விரலுக்காகத்தான் அவருக்குக் காயப் பதக்கம் கிடைத்தது. "வண்டிக் கதவு என் விரலைக் குத்துச்சு, நாடு என் நெஞ்சுல குத்துச்சு" என்று அதையும் கேலியாகவே சொல்வார்.

"நாங்க இருந்த அந்தச் சண்டைக்கு மெடல் கேக்கறவங்களுக்கு இதுதான் கடைசி போர்டு. அடுத்த வாரம் உக்காருறாங்க. மச்சான் பேருல நான் மனு போட்டுட்டேன்" என்றார்.

"என்ன காயம்னு போட்டீங்க?"

"அதைக் கேக்கத்தானே உன்கிட்ட வந்தேன். குண்டுச் சத்தத்துல காது போனாலும் காயந்தான்னு விதி இருக்கு. மெஷின் உன் கையில. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு மெடல் வாங்கக் கூடாதா?"

"போங்கண்ணே, போய் வேனை எடுங்க. என் சோத்துல மண்ணு போட வந்தீங்களா?" என்று சீறினாள். ஆனால் அவர் போன பிறகு, அடுத்து வந்தவருக்கு வலது காதில் மாட்ட வேண்டிய பக்கத்தை இடது காதில் மாட்டினாள். அந்தப் பதக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பசித்தவளுக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டியிருந்தது.

பகட்டுக்காக இல்லை. வருஷா வருஷம் நினைவு நாளன்று மைதானத்தில் காயப் பதக்கக்காரர்கள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். அவள் புருஷன் பின்னால் நிற்பவர். அந்தச் சண்டையில் செத்துப்போன ஆறு பேரில் ஒருவனுடைய அம்மா ஒவ்வொரு நாற்காலியாக வந்து கையைப் பிடித்துப் பேசிவிட்டு, கடைசியில் பின்வரிசைக்கு வந்து, அவரை ஏற இறங்கப் பார்ப்பாள். "உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்யா" என்பாள். நல்ல மனசோடுதான் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷன் நாள் கணக்கில் தட்டைத் தொட மாட்டார். நாத்தனாரும் அதையே வேறு வாயால் சொல்வாள்: "முழு உடம்போட திரும்பி வந்தான். இன்னும் என்னத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்?" தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல என்று ஊரே சொல்கிற அந்த ஒற்றை வார்த்தையை யாராவது அதிகாரத்தில் இருப்பவர் ஒருமுறை அடித்துத் திருத்த வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்ன ஆயிற்று என்பது அவளுக்கே முழுசாகத் தெரியாது. அவர் ரேடியோக்காரர். மலைமேல் ஒரு காவல் சாவடி இருந்தது, அதில் ஆறு பேர் இருந்தார்கள், எதிரி சூழ்ந்துகொண்டான், ஆறு பேரும் போனார்கள். இவர் கீழே முகாமில் ரேடியோ செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதான் அவளிடம் சொல்லப்பட்டது. கல்யாணமானபோது இருந்த மனுஷன் வாய்விட்டுச் சிரிப்பார், கதவைப் படாரென்று சாத்துவார். திரும்பி வந்தவர் வீட்டில் ஒரு கதவையும் சாத்த விடுவதில்லை. குளியலறைக் கதவுக்குக்கூட ஒரு செருப்பை முட்டுக் கொடுத்து வைப்பார். கேஸ் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. எதிரில் பேசுகிறவர் வைக்காமல் இவர் போனை வைக்க மாட்டார். ஒரு கிழவர் பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு இவர் மத்தியானம் முழுக்க லைனில் இருந்தார். கம்பெனிக்காரன் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு வீடு, சமையல், துணி. சமையல் நன்றாகவே செய்வார். ஆனால் இருட்டத் தொடங்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் போய் நிற்பார். உதடு அசையும். கட்டைவிரல் ஜன்னல் சட்டத்தை அழுத்தும். அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. சாமி கும்பிடுகிறார் என்று அவள் முதலில் நினைத்தாள். எந்தச் சாமியும் ஒரு மனுஷனை இப்படி வியர்க்க வைக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

"ஒருநாள் மருத்துவமனைக்கு வாங்களேன். காதைப் பாத்துரலாம்" என்று அவரிடம் சொன்னபோது அவள் இன்னும் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அல்லது அப்படித் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னாள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி வந்து நின்றார். அந்த அறைக்கு மட்டும் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும். "கண்ணாடி வழியா என்னைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிச் சாத்தினாள்.

வலது காதில் தொடங்கினாள். கொடுத்த ஒவ்வொரு சத்தத்துக்கும் விளக்கு எரிந்தது. குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள். மெஷினின் அடிமட்டம் வரைக்கும் போனாள். வாலிபப் பிள்ளைகளுக்கே கேட்காத சத்தம் அது. விளக்கு எரிந்தது. இடது காதும் அப்படியே. இந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்த காதுகளிலேயே இதுதான் நல்ல காது. "போச்சுடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். புருஷனுக்குக் காது நன்றாக இருக்கிறதே என்று வருத்தப்பட்ட முதல் பெண்டாட்டி அவளாகத்தான் இருக்க வேண்டும்.

பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள். மெஷின் சும்மா இருந்தது. விளக்கு எரிந்து அணைந்தது.

கை தவறி எதையாவது தட்டிவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. சத்தம் எதுவும் போகவில்லை. மறுபடி எரிந்தது, ஒருமுறை. கொஞ்சம் இடைவெளி. ஒருமுறை. பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை. காதில் இரைச்சல் இருப்பவர்கள் இல்லாத சத்தத்துக்கு அமுக்குவதுண்டு. அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அது கண்டபடி வரும். இதில் ஒரு முறை இருந்தது. யாரோ யாரையோ கேட்க, யாரோ பதில் சொல்வது மாதிரி இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. உதடு நின்றதும் கட்டைவிரல் அழுத்தியது. பேசுவதும் அவர், பதில் சொல்வதும் அவரே. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பயத்தில் அவள் கை தானாக மைக்கைத் தேடியது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தையை அவருக்கும் சொன்னாள்.

"முடிஞ்சுது. எழுந்து வாங்க."

விளக்கு இரண்டு முறை எரிந்தது. மறுபடி இரண்டு முறை. இரண்டு, இரண்டு, இரண்டு என்று நிற்காமல் எரிந்தது. உள்ளே அவர் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலச் சாய்ந்து எதிர்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இழுக்கவில்லை, அந்த அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "யாருங்க இழுக்குறா?" என்று கேட்டாள்.

"கடுகு இருந்தான்மா மேல" என்றார். கடுகு என்பது நினைவு நாளில் வரும் அந்த அம்மாவின் மகன். ஆள் குள்ளம், வாய் காரம், அதனால் அந்தப் பட்டப்பெயர். "அஞ்சு பேரு போயிட்டாங்க. அவன் மட்டும் அவங்களுக்கு அடியில கிடந்தான். சுத்தி எதிரி நடமாடுறான். பேசுனா மாட்டிக்குவான். அதனால நான் கேப்பேன், அவன் செட்டு பட்டனை அமுக்குவான். எனக்கு டக்குனு ஒரு சத்தம் வரும். ஒண்ணுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. அடிபட்டுருக்கான்னு கேட்டேன். ஒண்ணு. நடக்க முடியுமான்னு கேட்டேன். ரெண்டு. மத்தியானத்துலேருந்து அப்படியே..."

"ஆளுங்களை அனுப்பலையா?"

"ரோடு போச்சு. யாராலயும் போக முடியாது. ஆனா அதைச் சொல்லாதேன்னு அதிகாரி சொல்லிட்டார். வண்டி வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லு, தைரியமா இருப்பான்னார். சொன்னேன்மா. வண்டி வருதுடா, வளைவு தாண்டிருச்சுடா, சத்தம் கேக்குதாடான்னு கேட்டேன். ஒண்ணு அமுக்குனான். வராத வண்டி அவனுக்குக் கேட்டுச்சும்மா."

அவள் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருட்டுற நேரம். முகாமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இருக்கியாடான்னு கேட்டேன். ஒண்ணு. அப்பத்தான் அதிகாரி வந்து, முடிஞ்சுது, எழுந்து வான்னார். முடியல சார், இப்பத்தான் பதில் சொன்னான்னேன். மேல இருக்கறவன் முடிச்சுக்கறேன்னு சொல்லாம கீழ இருக்கறவன் செட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாதும்மா. அதுதான் ரேடியோக்காரன் தர்மம். அவன் சொல்லவே இல்ல. இன்னும் சொல்லல."

பஞ்சுச் சுவர்களுக்கு நடுவில் தன் மூச்சுச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. அழுதாள். அவர் அழவில்லை. அவருக்குக் கேட்கிற வேலை இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் முடிவு செய்தாள். காது சோதனை வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. நீலத்தை உள்ளபடியே போட்டாள். சிவப்பு வட்டங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். கீழே இறங்க இறங்கக் காது மந்தம் என்று அர்த்தம். கடைசி வட்டத்தைப் போட்டபோது ஒரு காது செத்துப்போயிருந்தது. கையெழுத்தும் போட்டாள். பயம் இருந்தது, வெட்கம் இல்லை. அந்த மனுஷனுக்குள் என்ன நடக்கிறது என்று அளக்க மெஷின் கிடையாது. இருக்கிற மெஷினை வைத்துத்தானே பேச முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவரிடம் எல்லாவற்றையும் விளக்கவில்லை. "காதுல அடின்னு போட்டிருக்கேன். கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "ம்" என்றார். எதற்கும் அவர் சொல்கிற "ம்"தான் அது.

போர்டு கூடிய அறையில் ஒரு நீள மேஜையும் ஓடாத ஃபேனும் இருந்தன. நடுவில் தலைவர். பழைய படைத்தளபதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. அதை நேராக நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ராணுவ டாக்டர். இந்தப் பக்கம் ரேடியோக்காரர், பீப் அக்கா, சாட்சியாக டிரைவர். டிரைவர் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, முகத்தில் கேலி துளியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். தலையாட்டினார். தலைவரிடம் தள்ளினார். "வலது காது சுத்தமா போயிருக்கு சார். விதிப்படி சரி."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று அவள் மூச்சு விட்டாள்.

தலைவர் பேனாவைத் திறந்துகொண்டே, சம்பிரதாயத்துக்காக ரேடியோக்காரரைக் கேட்டார். "அன்னிக்கு முகாம்ல செட்டுக்கு முன்னாடி இருந்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"ஹெட்போன் எந்தக் காதுல?"

"வலது காதுல சார். இடது காதால அதிகாரி சொல்றதைக் கேக்கணும்."

"அந்த வலது காதுதான் கேக்கல, இல்லையா?"

ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில், இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"கேட்டுச்சு சார்" என்றார். "எல்லாமே கேட்டுச்சு. கேக்கலைன்னு எப்படி சார் சொல்றது? அவன் அமுக்குனான். நான் கேட்டேன். நான் கேக்கலைன்னு சொன்னா, அவன் யாருக்கு சார் அமுக்குனான்?"

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது புரிந்தது. சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கி, உலகத்திலேயே கடுகின் பதிலைக் கேட்ட ஒரே காதை அவள் செவிடாக்கியிருந்தாள். மேலே கிடந்தவன் யாரும் கேட்காமல் செத்தான் என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். பொய் சொன்னதற்குக்கூட அவள் கூசவில்லை. இதற்குக் கூசினாள்.

டாக்டர் வரைபடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் எழுந்துவிட்டார்.

"சார், நான்தான் எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளையை விட்டுருங்க. இந்த விரலைப் பாருங்க. இது எப்படி நசுங்குச்சுன்னு உங்க காகிதத்துல 'பின்வாங்கும்போது வண்டிக் கதவில்'னு இருக்கும். எந்தக் கதவு தெரியுமா? இவன் செட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னான். நான்தான் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனேன். வண்டியில போட்டா, திரும்ப இறங்குறான். கதவை அடிச்சுச் சாத்துனேன். என் விரல் இடுக்குல மாட்டுச்சு. கதவுக்கு உள்ள இவன் மாட்டுனான். ஒரே கதவு சார். விரலுக்கு மெடல் குடுத்தீங்க. மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதுனீங்க."

சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். ரேடியோக்காரர் கையை நீட்டி அந்தக் கோணல் விரலைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது பார்த்தவர்களுக்கே தெரிந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். கெட்ட மனுஷன் இல்லை அவர். "ஆனா இதைக் காயம்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊர்ல உள்ளவன் எல்லாம் தூக்கம் வரலைன்னு வந்து நிப்பான். எதை வச்சு அளக்கறது? நடிக்கறவனை எப்படிப் பிடிக்கறது?"

"நடிக்கறவங்க வருவாங்க சார்" என்றாள் பீப் அக்கா. "எங்ககிட்டயும் வராங்க. அதுக்காக நாங்க காது பாக்கறதை நிறுத்தலையே. இன்னிக்கு நடிச்சவ நான். என்னை என்ன வேணா பண்ணுங்க. அவர் நடிக்கல."

தலைவர் பேனாவை மூடினார். வரைபடத்தை நான்காக மடித்து அவள் பக்கம் தள்ளினார். "இந்தக் காகிதம் இங்க வரவே இல்ல" என்றார். பிறகு குனிந்து தன் செயற்கைக் காலைத் தடவினார்.

"எனக்கு இந்தப் பாதம் இல்ல. ஆனா மழைக்காலத்துல இந்தப் பாதந்தான் வலிக்குது. சொன்னா எல்லாரும் நம்புறாங்க. ஏன்னா கால் இல்லாதது கண்ணுக்குத் தெரியுது. உங்களுக்கு இல்லாம போனது தெரிய மாட்டேங்குதே, அதுக்கு நான் என்ன பண்ண?" குரலில் எரிச்சல் இருந்தது, யார் மேல் என்று சொல்ல முடியவில்லை. "காயம்னா ரத்தம் வந்திருக்கணும்னு எழுதி வச்சிருக்கான். எழுதுனவன் செத்துட்டான். மாத்த வேண்டியவனுக்குக் காது கேக்காது. இந்த விதியை வச்சுக்கிட்டு நான் மெடல் குடுக்க முடியாது. விதி தப்புன்னு எழுதி அனுப்பறேன். முன்னாடியும் அனுப்பியிருக்கேன்."

மனுவின் மேல் 'காயம் இல்லை' என்று எழுதினார். எழுதும்போது அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் எழுந்தபோது மட்டும், நிற்க வேண்டிய அவசியம் இல்லாத அந்த மனுஷன், மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வெளியே டிரைவர் வேன் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். ரேடியோக்காரர் ஏறிய பிறகும் அவர் கதவைத் தொடவில்லை. எப்போதும் அப்படித்தான் செய்வார். அது மரியாதை என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கடைசியில் ரேடியோக்காரரே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது டிரைவர், "அன்னிக்கு உன்னைத் தூக்கினது தப்பா மச்சான்?" என்று கேட்டார். ரேடியோக்காரர் யோசித்தார். "தெரியலடா" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

வீட்டுக்குள் வந்ததும் அவள், "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "நீங்க கேக்கலைன்னு எழுதிட்டேன்."

"எனக்காகத்தானே எழுதுன" என்றார் அவர். அதை வைத்து அவளால் சமாதானம் ஆக முடியவில்லை.

இருட்டத் தொடங்கியது. அவர் அடுப்பை அணைத்தார். ஜன்னலோரம் போனார். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் கூடத்துக்குப் போய் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வாள். அன்று போகவில்லை. அவர் பக்கத்தில் போய், தேய்ந்துபோன அந்த மரத்தின் மேல் தன் கையை உள்ளங்கை தெரிய விரித்து வைத்தாள்.

"இருக்கியா?" என்றது அவர் உதடு. கட்டைவிரல் வழக்கமான இடத்துக்கு வந்தது. மரம் இல்லை, அவள் உள்ளங்கை இருந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. அவள் தன் கட்டைவிரலால் அவர் கையை ஒருமுறை அழுத்தினாள்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "நீயா?"

ஒருமுறை அழுத்தினாள்.

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பக்கத்து வீட்டு மாடி, தண்ணீர் தொட்டி, கம்பிமேல் காயாத ஒரு துணி. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நெற்றி வியர்த்தது. பிறகு, எத்தனையோ சாயங்காலங்களாக அவர் உதட்டில் இருந்த அடுத்த கேள்வி முதல்முறையாகச் சத்தமாக வந்தது.

"வண்டி வந்துச்சா?"

ஒருமுறை அழுத்திவிடலாம். அந்த அதிகாரி சொல்லச் சொன்னதும் அதைத்தான். தைரியமாக இருப்பார், தூங்குவார், ஒருவேளை வீட்டுக் கதவைக்கூடச் சாத்துவார். மடித்த வரைபடம் இன்னும் அவள் கைப்பையில் இருந்தது. அவருக்காக என்று ஒரு பொய் எழுதிப் பார்த்தாகிவிட்டது.

இரண்டு முறை அழுத்தினாள்.

அவர் உடம்பு முழுக்க ஒருமுறை ஆடியது. கீழே விழுந்துவிடுவாரோ என்று பயந்து அவர் கையை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே, இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி வரலடா கடுகு. ரோடு இல்ல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் வருது வருதுன்னு சொன்னேன். உன்னைத் தனியா விட்டுட்டும் வந்துட்டேன். மன்னிச்சிருவியாடா?"

சொல்லி முடித்ததும் அழுதார். சண்டையிலிருந்து திரும்பியபின் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் அழுகையை அடக்கிக்கொண்டார்கள். கேள்வி போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லவா? வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் காதுகளைச் சோதித்தவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் காதைத் தீட்டி வைத்தாள். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. வேறு சத்தம் இல்லை.

கடைசியில், அவள் பிடித்திருந்த அந்தக் கையின் கட்டைவிரல் மெல்ல அசைந்து அவள் உள்ளங்கையில் அழுத்தியது. ஒருமுறை.

அழுத்தியது யார் என்று அவள் கேட்கவில்லை.